காலிஃபிளவர் சோறும் சம்பந்தியின் நெஞ்சும்

புதுச்சேரி
24 ஜூன் 2024

சம்பந்தி உத்திராபதி அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டு ஆரம்பிப்பது வழக்கம். கேட்டால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இணைத்து அனுப்புவீர்கள் என்பதால் கேட்கவில்லை.

இதை நான் விரும்பி எழுதவில்லை. என் மகளும் உங்கள் மருமகளுமான அபி சொல்லித்தான் எழுதுகிறேன். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒரு காதில் என் புகாரையும் மறு காதில் உங்கள் புகாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போன செக்கப்பில் பிரஷர் கூடிவிட்டது. டாக்டரம்மா காரணம் கேட்டிருக்கிறார். "எங்கப்பாவும் எங்க மாமாவும்தான், டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும் நம் இருவரையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினாள்.

"கொழந்த பொறக்குற வரைக்கும் ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. சண்ட போட்டே ஆகணும்னா எழுதிப் போட்டுக்குங்க. எழுதறதுக்குள்ள பாதிக் கோவம் போயிடும்" என்றாள். மாப்பிள்ளை ராஜவேல் தினம் வேலை முடிந்து அவளைப் பார்க்க வருவதால் அவர்தான் தபால்காரர்.

பாதிக் கோபம் போகவில்லை. ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

வளைகாப்புக்குக் கட்டுச்சோறு பெண் வீட்டார் சீர். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். "எங்க சமையல்காரர் இருக்காரு, அரிசி மட்டும் அனுப்பிடுங்க" என்றீர்கள். பெரிய மார்க்கெட் பக்கம் அரிசி மண்டி வைத்திருப்பவன் நான். கடையில் இருந்ததிலேயே நல்ல சீரகச் சம்பா ஒரு மூட்டை முதல் நாளே உங்கள் வீட்டில் இறக்கினேன். மறுநாள் பந்தியில் உட்கார்ந்து தேங்காய்ச் சோற்றை வாயில் வைத்தேன். மென்றேன். அது சோறு இல்லை. சீவின காலிஃபிளவர். எலுமிச்சைச் சோறும் காலிஃபிளவர். தயிர்ச்சோறும் காலிஃபிளவர். சர்க்கரைப் பொங்கலில் சர்க்கரையும் இல்லை, பொங்கலும் இல்லை.

என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து சொல்தா பென்ஷன் வாங்கும் மிஷன் வீதிப் பெரியவர் என் காதருகே வந்து, "என்னா சக்கரபாணி, வியாபாரம் டல்லா? பொண்ணு வளைகாப்புக்கே அரிசி எடுக்க முடியலையா?" என்று கேட்டார். அனுதாபத்தோடு கேட்டார், அதுதான் தாங்கவில்லை.

இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
சக்கரபாணி


அரியாங்குப்பம்
27 ஜூன் 2024

பொருள்: வளைகாப்புப் பந்தி தொடர்பாக.
பார்வை: தங்கள் 24-06 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய சம்பந்தி,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். பணி ஓய்வு பெற்றாலும் கண்காணிப்பாளராக இருந்த கை வேறு மாதிரி எழுத வராது. பொறுத்தருள வேண்டும்.

காலிஃபிளவர் பரிமாறப்பட்டது உண்மை. பந்தியில் யாருக்கும் தெரியாது என்று சமையல்காரர் உறுதியளித்தார். அவரது உறுதி தவறானது. தங்கள் அரிசி மூட்டை தைத்தது தைத்தபடி என் ஸ்டோர் ரூமில் பத்திரமாக உள்ளது. பூச்சி வராமல் வேப்பிலை போட்டிருக்கிறேன்.

ஏன் செய்தேன் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என் அண்ணன் முத்துவேலைத் தாங்கள் பார்த்ததில்லை. நல்ல சோற்றுப் பிரியர். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவர் போன வயது எனக்கு இந்த ஆவணியில் வருகிறது. எனக்கும் சர்க்கரை, எனக்கும் தொப்பை. போன வருடம் மாவுச்சத்தை விட்டு முட்டை, கறி, பனீர், வெண்ணெய் என்று மாறினேன். எடை மளமளவென்று இறங்கியது. சர்க்கரை இறங்கியது. குனிந்து செருப்பு வாரை நானே மாட்டுகிறேன். முப்பது வருடம் அலுவலகத்தில் நான் சொல்லி யாரும் எதையும் செய்ததில்லை. இப்போது தெருவில் நிறுத்தி, "சார், காலையில என்னா சாப்பிடறீங்க?" என்று கேட்கிறார்கள். இதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து நடத்துகிறேன்.

எனக்குக் கிடைத்த ஆயுளைப் பந்தியில் எல்லாருக்கும் கொஞ்சம் பரிமாறலாம் என்று நினைத்தேன். தங்களைக் கேட்டுச் செய்திருக்கலாம். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்பதால் கேட்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
உத்திராபதி


புதுச்சேரி
2 ஜூலை 2024

சம்பந்தி,

உங்கள் அண்ணன் விஷயம் எனக்குத் தெரியாது. வருத்தம். ஆனால் அவர் சாப்பிட்ட சோறு என் கடை அரிசி இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு சந்தேகம். போன பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது டீயில் வெண்ணெய் உருண்டையைப் போட்டுக் கலக்கிக் குடித்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை, சம்பந்தி வீடு. பிறகு தட்டில் முட்டைகள், கொழுப்போடு ஆட்டுக்கறி, அதன் மேல் நெய். "இது நெஞ்சுக்கு ஆவுமா?" என்று நான் கேட்டதற்கு, "நெஞ்சே இதத்தான் கேக்குது" என்றீர்கள்.

நேற்றுப் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை. மாவுச்சத்தைக் குறைத்தால் நெஞ்சுக்கு நல்லது என்று முதல் பத்தி. கறியும் வெண்ணெயும் கூடினால் நெஞ்சுக்கு ஆகாது என்று இரண்டாம் பத்தி. இன்னும் ஆராய வேண்டும் என்று மூன்றாம் பத்தி. கடைசிப் பத்தியில் பாதாம் பருப்பு விளம்பரம். கத்தரித்து இணைத்திருக்கிறேன். முதல் பத்தியை மட்டும் உங்கள் குழுவில் போடுவீர்கள் என்று தெரியும். நான் இரண்டாவதை மட்டும் மண்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அபிக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீங்கள் எழுதும் லட்சணத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "பொருள், பார்வை" என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வகையில் நன்றி.

சக்கரபாணி


அரியாங்குப்பம்
9 ஜூலை 2024

சம்பந்தி,

இந்தக் கடிதம் ராஜவேல் கையில் வராது. நம் இரண்டு வீட்டுக்கும் மீன் கொடுக்கும் அஞ்சம்மாளிடம் கொடுத்து, தங்கள் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன். மீன் வாசனைக்கு மன்னிக்கவும். படித்ததும் கிழித்துவிடவும்.

எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழியில் ஒரு பிடி பிடிக்கிறது. முதுகு வரை போகிறது. வியர்க்கிறது. பிறகு தானாக விடுகிறது. முதலில் வாயு என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட்ட பிறகு வந்தது வாயு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரி கலைவாணி பார்த்துவிட்டு, "என்னாங்க பண்றீங்க?" என்றாள். மூச்சுப் பயிற்சி என்றேன். நம்பிவிட்டாள். என்னைப் பற்றி அவள் இப்போது எதையும் நம்புவாள்.

ராஜவேலிடம் சொன்னால் அன்றைக்கே அபிக்குத் தெரிந்துவிடும். இந்த நேரத்தில் அவள் பிரஷர் என் நெஞ்சைவிட முக்கியம். குழுவில் யாரிடமும் சொல்ல முடியாது, காரணம் தங்களுக்கே தெரியும். நேற்று ஒருவருக்கும் சொல்லாமல் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் தெளிவாக எதுவும் இல்லையாம். இந்த வயதுக்கும், சர்க்கரைக்கும், அண்ணன் கதைக்கும் சேர்த்து எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். "அடுத்த தடவ ஆளோட வாங்க" என்று வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

என் மாடியில் குடியிருக்கும் எழிலரசன் என் பேச்சைக் கேட்டு அரிசி டப்பாவைத் தூக்கித் தெருவில் வைத்தவர். நேற்றுப் படியில் பார்த்து, "சார், உங்களாலதான் சார் நான் உயிரோட இருக்கேன்" என்றார். அந்த நேரம் பார்த்து எனக்கு நெஞ்சைப் பிடித்தது. சிரித்துக்கொண்டே நின்றேன்.

நான் அண்ணனைத் தாண்ட வேண்டும் என்று செய்ததே என்னை அண்ணனிடம் கொண்டுபோய் விடுமோ? பேரக்குழந்தையைப் பார்ப்பேனா? இதைத் தங்களிடம் கேட்பது முறையா என்றும் தெரியவில்லை. தாங்கள் ஒருவர்தான் என்னை முதலிலேயே நம்பாதவர். அதனால்தான் எழுதுகிறேன்.

உத்திராபதி


புதுச்சேரி
10 ஜூலை 2024

சம்பந்தி,

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். விழுப்புரத்தில் நெல் பார்க்கப் போவதாக வீட்டில் தையல்நாயகியிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் சர்க்கரை மாத்திரையும் பழைய ரிப்போர்ட்டும் எடுத்து வாருங்கள். வெறும் வயிற்றோடு வாருங்கள். வெண்ணெய் டீயும் வயிற்றுக்குள் போவதுதான், அதுவும் வேண்டாம்.

காலிஃபிளவரைப் பற்றி இப்போது பேச மாட்டேன். அதைப் பேசித் தீர்க்க நீங்கள் இருந்தாக வேண்டும்.

இதையும் அஞ்சம்மாளிடமே தருகிறேன். கடிதத்தை வாங்கிக் கூடைக்கடியில் செருகிக்கொண்டு, "என்னா சாமி, சம்பந்திங்க ரெண்டு பேரும் லவ் லெட்டரா எழுதிக்கிறீங்க?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையைவிட அது பாதுகாப்பு.

சக்கரபாணி


புதுச்சேரி
19 ஜூலை 2024

சம்பந்தி,

போன வெள்ளிக்கிழமை எடுத்த ஸ்கேனுக்கு நேற்று முடிவு சொல்லக் கூப்பிட்டபோது நீங்கள் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டீர்கள். "நீங்க போய்க் கேளுங்க சம்பந்தி, என்னால ஆவாது" என்றீர்கள். நான் வந்து "ஒன்னுமில்ல, எழுந்திரிங்க" என்றதும், அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் உங்கள் காதில் ஏறவில்லை. பஸ்ஸில், "எழுதி அனுப்பிடுங்க" என்றீர்கள். எழுதுகிறேன்.

அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரம்மா ஸ்கேன் படங்களை வரிசையாக வைத்துக்கொண்டு சொன்னது இது.

"ரத்தக்குழாய்ல அடைப்புன்னு சொல்ற மாதிரி எதுவும் இல்ல. லேசா படிவு இருக்கு, இந்த வயசுல பலருக்கும் இருக்கறதுதான். இதயம் நல்லா வேல செய்யுது. வலி பித்தப்பைல இருக்கற கல்லால. ரொம்ப வேகமா எடை குறைச்சிருக்காரு. அப்படிக் குறைச்சா சில பேருக்குக் கல்லு வரும். கொழுப்பா சாப்பிட்டா அது பிடிக்கும். பித்தப்பைய எடுத்துட்டா வலி போயிடும்."

டாக்டரம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு நான் வந்த காரியத்தைக் கேட்டேன்.

"அப்ப அந்த டயட்டு நெஞ்சுக்குக் கெடுதல்தானே டாக்டர்?"

"ஆமான்னு சொன்னா உங்களுக்கு ரொம்ப சந்தோஷம்போல இருக்கே."

"ஆமாங்க" என்றேன். டாக்டரிடம் பொய் சொல்லக் கூடாது.

அவர் சிரித்துவிட்டு உங்கள் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது பாருங்க, சர்க்கரை நல்லா எறங்கியிருக்கு. ட்ரைகிளிசரைடு, அதான் ரத்தத்துல இருக்கற ஒரு கொழுப்பு, பாதியாயிருக்கு. அது நல்லது. இது பாருங்க, கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருக்கு, நல்லாவே ஏறியிருக்கு. இப்படியே விட்டா பின்னாடி நெஞ்சுக்கு ஆபத்து. ரெண்டும் ஒரே மனுஷனுக்குத்தான் நடந்திருக்கு. சோத்தக் குறைச்சது தப்பில்ல. அந்த எடத்துல எதக் கொண்டாந்து வெச்சாருங்கறதுதான் கேள்வி. வெண்ணெய், கொழுப்புக் கறிய எடுத்துட்டு மீனு, பயறு, சுண்டல், நட்ஸ், காய் வைக்கச் சொல்லுங்க. வெள்ளைச் சோறு கொஞ்சம் இருந்தா உலகம் முடிஞ்சிடாது. கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எழுதறேன்."

"காலம் பூரா அப்படியே சாப்பிட்டா என்னா ஆவும்?"

"அவ்ளோ நாள் விடாம இத மட்டும் சாப்பிட்டவங்க கம்மிங்க. அதனால உறுதியா யாராலயும் சொல்ல முடியல. சொல்றவங்க எதையாவது விப்பாங்க" என்றார். பிறகு, "நீங்க என்னா பண்றீங்க?" என்று கேட்டார்.

அரிசி மண்டி என்றேன்.

"மூனு வேளையும் சோறா?"

"இல்லீங்க, காலையில இட்லி, நைட்டு தோசை."

"அது ரெண்டும் எதுல செய்றாங்க?"

நான் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தேன். "நீங்களும் கொஞ்சம் ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி வந்துவிட்டேன்.

மரத்தடியில் நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கேன்டீனில் இட்லி சாப்பிட்டதைப் பற்றியும் உங்கள் குழுவுக்கு எழுதப்போவதில்லை. ஆனால் நீங்கள் இரண்டாவது தட்டுக்கும் கை நீட்டினீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

சக்கரபாணி


அரியாங்குப்பம்
2 ஆகஸ்ட் 2024

பொருள்: 1. பித்தப்பை. 2. குழு. 3. தங்கள் ரத்தம்.

மதிப்பிற்குரிய சம்பந்தி,

பித்தப்பை எடுக்கப்பட்டுவிட்டது. மறுநாளே நடந்தேன். வீட்டில் "கல்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அபியிடம் ராஜவேல் சொன்னபோது, "மாமாவுக்குக் கல்லுதானே, கரைஞ்சிடும்" என்றாளாம். பிரஷர் ஏறவில்லை.

குழுவில் உண்மையை எழுதினேன். எழுதுவதற்கு முன் இரண்டு நாள் எனக்குப் பசியே இல்லை. சர்க்கரை இறங்கியதையும், கொலஸ்ட்ரால் ஏறியதையும், கல் வந்ததையும் எழுதி, எல்லாரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள் என்றேன். சிலர் கைகூப்பிய படம் போட்டார்கள். சிலர் நான் அரிசிக்காரர்களுக்கு விலைபோய்விட்டதாகச் சொல்லிக் குழுவை விட்டு விலகினார்கள். என் சம்பந்தி அரிசி மண்டி வைத்திருப்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

எழிலரசன் மறுநாளே ரத்தம் கொடுத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது. என்னைப் போலவே சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்று எனக்குத் தெரியவில்லை. எந்த முடிவுக்கும் வராமல் இருப்பது புது அனுபவம். நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசி இனம்: டாக்டரம்மா கேட்ட தங்கள் ரத்தம் இன்னும் நிலுவையில் உள்ளது. என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள், தங்களோடு நான் வருகிறேன். நெல் பார்க்கப் போகிறேன் என்று நானும் சொல்லிக்கொள்கிறேன்.

உத்திராபதி


புதுச்சேரி
7 செப்டம்பர் 2024

சம்பந்தி,

நேற்றுப் பேத்தியைக் கையில் வாங்கியதும் நீங்கள் திருப்பித் தரவே இல்லை. என் முறை வந்தபோது நான் மடியில் தலையணை வைத்து வாங்கிக்கொண்டேன். மூக்கு உங்கள் மாதிரி என்று தையல்நாயகி சொல்கிறாள். குரல் அஞ்சம்மாள் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. ஆவணி பிறந்து பாதிக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் அண்ணன் வயதைத் தாண்டிவிட்டீர்கள். கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்த ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. சர்க்கரை எல்லையைத் தாண்டி வெளியூர் போயிருக்கிறது. ட்ரைகிளிசரைடுக்கு டாக்டரம்மா காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மதியம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி சுண்டலும் முட்டையும் என்று உத்தரவு. நாள் பூராவும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி சுண்டல் தின்கிறேன். வெளியே சொல்லாதீர்கள், வியாபாரம் போய்விடும். மண்டிச் சுவரில் ஒட்டியிருந்த இரண்டாம் பத்தியைக் கிழித்துவிட்டேன். அதைப் படித்துவிட்டு அடுத்த பத்தி எங்கே என்று ஒருவர் கேட்டார்.

அபி போன் தடையை எடுத்துவிட்டாள். பேசலாம் என்று எடுத்தேன், என்ன பேசுவது என்று வரவில்லை. வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சக்கரபாணி


அரியாங்குப்பம்
10 மார்ச் 2025

பொருள்: குழந்தை சோற்றைத் துப்பியது தொடர்பாக விளக்கம் அளித்தல்.

மதிப்பிற்குரிய சம்பந்தி,

நேற்று நம் பேத்தி தாமரைக்கு முதல் சோறு ஊட்டும் விழாவில் நடந்தது குறித்து, என் வீட்டார் உட்பட யாவரும் என்னைப் பார்த்த பார்வைக்கு எழுத்துமூலம் விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் வாய் நான்தான் ஊட்ட வேண்டும் என்று தாங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். நான் கேட்கவில்லை. அரிசி, வளைகாப்புக்குத் தாங்கள் அனுப்பிய அதே மூட்டை. வேப்பிலையோடு இத்தனை மாதம் இருந்து பழசாகி, குழையாமல், மல்லிகை மாதிரி வெந்தது என்று தாங்களே சொன்னீர்கள். காலிஃபிளவர் வாங்கியதோ, வீட்டுக்குள் கொண்டுவந்ததோ இல்லை என்பதற்குக் கலைவாணி சாட்சி.

ஊட்டினேன். குழந்தை என்னைப் பார்த்தது. பிறகு என் சட்டையில் துப்பியது. மிஷன் வீதிப் பெரியவர், "தாத்தா வேலைய ஆரம்பிச்சிட்டாருடா" என்றார். ராஜவேல், "அப்பா, நெஜமா சொல்லுங்க, ஏதாச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டான். ஆறு மாதக் குழந்தையிடம் நான் ட்ரைகிளிசரைடு பற்றிப் பேசியதில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.

அடுத்து நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஆனாலும் பதிவுக்காக எழுதுகிறேன். தாங்கள் கிண்ணத்தை வாங்கி, அதே சோற்றில் பாசிப்பருப்பை நன்றாக மசித்துப் பிசைந்து ஊட்டினீர்கள். குழந்தை விழுங்கியது. இன்னும் கேட்டு வாயைத் திறந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தாங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

பருப்பு புரதம் என்பது எனக்குத் தெரியும், சம்பந்தி. வாய் வரை வந்தது. தாங்களும் அதற்காகவே காத்துக்கொண்டு நின்றீர்கள் என்று நினைக்கிறேன். பொன்னான சந்தர்ப்பம். கிண்ணம் காலியாகும் வரை நான் சொல்லவில்லை.

அந்த மூட்டையில் மிச்சம் இருப்பதைத் திருப்பி அனுப்பவில்லை. மதியம் ஒரு கரண்டி நான் சாப்பிடுகிறேன். தங்களுக்கு அளந்திருக்கும் அதே அளவு.

தங்கள் உண்மையுள்ள,
உத்திராபதி

நகல்: அஞ்சம்மாள். (வஞ்சிரம் வந்தால் முதலில் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கவும். நெஞ்சுக்கு நல்லது.)